பச்சையா, சிவப்பா? கிராபிக்ஸ் கார்டுக்கு 10,000 ரூபாய் கூடக் குடுக்குறதுக்கு முன்னாடி போட வேண்டிய கணக்கு



அப்ரைசல் முடிஞ்சு சம்பளம் கொஞ்சம் ஏறியிருக்கு. இல்லேன்னா போனஸ் வந்திருக்கு. ரொம்ப நாளா தள்ளிப்போட்ட கேமிங் பிசி அப்கிரேடை இந்த மாசம் முடிச்சிடலாம்னு உக்காருறீங்க. ஒரு பக்கம் என்விடியா ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ. இன்னொரு பக்கம் ஏஎம்டி ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி. ஒரு வீடியோ இதை வாங்குங்குது, அடுத்த வீடியோ அதை வாங்குங்குது. பச்சை டீம், சிவப்பு டீம்னு சண்டை வேற. கடைசியில ஆபீஸ் நண்பர் எதை வச்சிருக்காரோ அதையே வாங்கிட்டு வந்துடுவோம்.

இந்தக் கட்டுரையில அந்தச் சண்டைக்குள்ள போகப் போறதில்ல. உங்க பணம் எங்க போகுது, கூடக் குடுக்குற ஒவ்வொரு ரூபாய்க்கும் என்ன திரும்பக் கிடைக்குதுன்னு மட்டும் பாக்கப் போறோம்.

ஒரு சின்னக் கணக்கோட ஆரம்பிப்போம். பிடித்தம் போக உங்க கைக்கு வர்ற சம்பளம் மாசம் 40,000 ரூபாய், வேலை நாள் 22னு வச்சுக்குவோம். ஒரு நாள் உழைப்பு ஏறத்தாழ 1,800 ரூபாய். 38,000 ரூபாய் கார்டுன்னா 21 நாள் ஆபீஸ் போன காசு. 48,000 ரூபாய் கார்டுன்னா 26 நாளுக்கு மேல. நடுவுல இருக்கிற 10,000 ரூபாய், அஞ்சரை நாள் வேலை. அந்த அஞ்சரை நாளுக்கு உங்களுக்கு என்ன கிடைக்குது? இந்தக் கட்டுரை முழுக்க இந்த ஒரு கேள்விதான்.

(இந்திய விலை வாரத்துக்கு வாரம் மாறும். அதனால 38,000, 48,000ங்கிறதை கணக்குக்காக மட்டும் எடுத்திருக்கேன். நீங்க வாங்குற அன்னைக்கு இருக்கிற விலையைப் போட்டு இதே கணக்கைத் திரும்பப் பண்ணுங்க.)

போட்டியில யாரு யாரு?

ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ 2025 ஏப்ரல்ல வந்துச்சு. அறிமுக விலை 8 ஜிபி மாடலுக்கு 379 டாலர், 16 ஜிபி மாடலுக்கு 429 டாலர். ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி அதே வருஷம் ஜூன்ல வந்துச்சு. 8 ஜிபி 299 டாலர், 16 ஜிபி 349 டாலர். மூணாவதா ஒருத்தரும் இருக்காரு: 2024 டிசம்பர்ல 249 டாலருக்கு வந்த இன்டெல் ஆர்க் பி580. அதுல 12 ஜிபி மெமரி.

16 ஜிபி மாடல்களை மட்டும் எடுத்துக்கிட்டா, என்விடியாவுக்கும் ஏஎம்டிக்கும் அறிமுக விலையில 80 டாலர் வித்தியாசம். வேகத்துல? ரே டிரேசிங் போடாம சாதாரணமா விளையாடுறப்ப பெரும்பாலான கேம்கள்ல சில சதவீதம்தான். சராசரியா என்விடியா கொஞ்சம் முன்னாடி. ஒண்ணு 80 பிரேம் குடுத்தா இன்னொண்ணு 84 குடுக்கும். பிரேம் கவுன்டரை மறைச்சு வச்சுட்டு விளையாடினா எந்த கார்டுன்னு உங்களால சொல்ல முடியாது.

அப்போ 10,000 ரூபாயை வேகத்துக்காகக் குடுக்கிறதுல அர்த்தமில்ல. வேற காரணம் இருந்தா குடுக்கலாம். அந்தக் காரணங்களைப் பாக்குறதுக்கு முன்னாடி, பிராண்டை விட முக்கியமான ஒரு விஷயம் இருக்கு.

பேரு ஒண்ணு, கார்டு ரெண்டு

மேல விலையைக் கவனிச்சீங்களா? ரெண்டு கம்பெனியும் ஒரே பேர்ல 8 ஜிபி, 16 ஜிபின்னு ரெண்டு மாடல் விக்கிறாங்க. டப்பாவுல பெரிய எழுத்துல இருக்கிறது கார்டு பேரு. மெமரி அளவு ஓரமா சின்னதா இருக்கும். "5060 டிஐ இவ்ளோ கம்மியா கிடைக்குதே"ன்னு தோணுச்சுன்னா, முதல்ல அது எத்தனை ஜிபின்னு பாருங்க.

இந்த மெமரி என்ன பண்ணுது? சமையலறை மேடையை நினைச்சுக்கோங்க. சமைக்கத் தேவையான எல்லாம் கைக்கு எட்டுற தூரத்துல மேடையில இருந்தா வேலை வேகமா நடக்கும். மேடை சின்னதுன்னா ஒவ்வொண்ணுக்கும் ஸ்டோர் ரூமுக்கு ஓடணும். கேம்ல வர்ற டெக்ஸ்சர், நிழல், ரே டிரேசிங் கணக்கு எல்லாம் கார்டோட மெமரியில இருக்கணும். இடம் பத்தலேன்னா கம்ப்யூட்டரோட சாதாரண ரேம்ல இருந்து எடுத்துட்டு வரணும். அப்பதான் கேம் திடீர்னு திக்கும். சராசரி பிரேம் ரேட் நல்லா இருக்கிற மாதிரி காட்டும், ஆனா விளையாடும்போது நடுவுல நடுவுல நின்னு நின்னு போகும். சில கேம்கள் திக்காது, அதுக்குப் பதிலா டெக்ஸ்சரை மங்கலாக்கிடும்.

இன்னொரு விஷயமும் இருக்கு. 5060 டிஐ எட்டு பிசிஐஇ லேன்லதான் ஓடுது. உங்க மதர்போர்டு பி450 மாதிரி பழசா இருந்தா, அது பிசிஐஇ 3.0. ஸ்டோர் ரூமுக்குப் போற வழியே குறுகலாயிடும். மெமரி நிரம்பாத வரைக்கும் பெருசா தெரியாது. 8 ஜிபி கார்டு நிரம்பிடுச்சுன்னா அடி பலமா விழும். 9060 எக்ஸ்டியில 16 லேன் இருக்கிறதால பழைய போர்டுல இந்தச் சிக்கல் கம்மி.

8க்கும் 16க்கும் நடுவுல ரெண்டு கம்பெனியும் வச்ச அறிமுக விலை வித்தியாசம் 50 டாலர்தான். அந்த 50 டாலர், கார்டோட ஆயுசுக்குக் குடுக்குற காசு. வேலோரன்ட், கவுன்டர்-ஸ்டிரைக் 2 மட்டும்தான் விளையாடுவேன்னு உறுதியா இருக்கிறவங்களுக்கு 8 ஜிபி போதும். புதுசா வர்ற பெரிய கதை கேம்களை விளையாடணும்னா 16 ஜிபி வாங்குங்க.

பிரச்சினை கார்டுலதானா?

கார்டை மாத்துறதுக்கு முன்னாடி காசு செலவில்லாத ஒரு சோதனை. எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர்னு ஒரு இலவச சாஃப்ட்வேர் இருக்கு. எந்த பிராண்ட் கார்டுக்கும் வேலை செய்யும். அதைப் போட்டு, விசிங்க், பிரேம் லிமிட் ரெண்டையும் ஆஃப் பண்ணிட்டு, நீங்க வழக்கமா விளையாடுற கேமை அரை மணி நேரம் ஓட்டுங்க. ஓரத்துல கிராபிக்ஸ் கார்டு எத்தனை சதவீதம் வேலை செய்யுதுன்னு காட்டும்.

95 சதவீதத்துக்கு மேலயே நிக்குதுன்னா உங்க கார்டு மூச்சு வாங்குது. மாத்தினா பலன் இருக்கும். 60, 70 சதவீதத்துல இருந்துக்கிட்டே பிரேம் கம்மியா வருதுன்னா பிராசசர்தான் தடை. 48,000 ரூபாய் கார்டு போட்டாலும் அந்தத் தடை அப்படியேதான் இருக்கும். வேலோரன்ட் மாதிரி கேம்கள் பெரும்பாலும் பிராசசரை நம்பித்தான் ஓடுது.

மானிட்டரையும் பாருங்க. உங்க திரை 1080பி, 60 ஹெர்ட்ஸ்னா அது நொடிக்கு 60 படம்தான் காட்டும். கார்டு 130 பிரேம் தயாரிச்சாலும் திரையில தெரியறது 60தான். அப்போ கார்டோட சேத்து மானிட்டரும் வாங்கணும். பவர் சப்ளை பழசா, பேர் தெரியாத பிராண்டா இருந்தா அதையும் மாத்தணும். கார்டு 48,000, மானிட்டர் 15,000, பவர் சப்ளை 6,000. கூட்டிப் பாத்தா 69,000. "கார்டு மட்டும்தான் மாத்தப் போறேன்"னு ஆரம்பிச்சவங்க பட்ஜெட் இப்படித்தான் தாண்டுது. அதனால கார்டு விலையை மட்டும் பட்ஜெட்டா எழுதாதீங்க. மொத்த அப்கிரேடையும் எழுதுங்க. விலை கம்மியான கார்டை எடுத்து, மிச்சமாகுற 10,000 ரூபாயில 144 ஹெர்ட்ஸ் மானிட்டருக்குப் பாதிக்கு மேல காசு சேத்துட்டா, கண்ணுக்குத் தெரியற மாற்றம் அதுலதான் அதிகம்.

அந்த 10,000 எப்போ நியாயம்?

கீழ இருக்கிறதுல ஏதாவது ஒண்ணு உங்களுக்குப் பொருந்தினா என்விடியாவுக்குக் கூடக் குடுக்கலாம்.

1. அந்தக் கார்டை வச்சு வேலை கத்துக்கப் போறீங்க, இல்ல சம்பாதிக்கப் போறீங்க. பிளெண்டர் ரெண்டரிங், மெஷின் லேர்னிங், வீட்டுலயே ஏஐ மாடல் ஓட்டிப் பாக்குறது இதெல்லாம் என்விடியாவோட குடா மேலதான் பெரும்பாலும் கட்டியிருக்காங்க. ஏஎம்டியில முடியாதுன்னு இல்ல. ஆனா அதை ஓட வைக்கிறதுக்கே சனி, ஞாயிறு போயிடும். உங்க நேரத்துக்கும் விலை இருக்கு.

2. ரே டிரேசிங் உங்களுக்கு ரொம்ப முக்கியம். சைபர்பங்க் 2077, ஆலன் வேக் 2 மாதிரி கேம்கள்ல ஒளி, நிழலை முழு அளவுல வச்சு விளையாடணும்னா என்விடியா முன்னாடி நிக்குது.

3. டிஎல்எஸ்எஸ் நிறைய உபயோகிப்பீங்க. குறைஞ்ச ரெசல்யூஷன்ல படத்தைத் தயாரிச்சு, ஏஐ மூலமா பெருசாக்கிக் காட்டுற தொழில்நுட்பம் இது. ஏஎம்டியோட எஃப்எஸ்ஆர் 4 தரத்துல நல்லாவே நெருங்கி வந்துடுச்சு. ஆனா டிஎல்எஸ்எஸ் இருக்கிற கேம்களோட எண்ணிக்கை அதிகம். நீங்க விளையாடுற அஞ்சு கேமை எழுதி, அதுல எது எதுக்கு ஆதரவு இருக்குன்னு பாத்துடுங்க. பத்து நிமிஷ வேலைதான்.

ஒரு எச்சரிக்கை. "பிரேம் நாலு மடங்கு"ன்னு விளம்பரத்துல வர்றது மல்டி பிரேம் ஜெனரேஷன். நிஜமான ரெண்டு பிரேமுக்கு நடுவுல கார்டே சில பிரேமை உருவாக்கிச் சொருகுறது. படம் வழுவழுன்னு தெரியும். ஆனா மவுஸை அசைச்சா கேம் பதில் சொல்ற வேகம் நாலு மடங்கு ஆகாது. 25 பிரேம்ல திணர்ற கேமை இது காப்பாத்தாது. அந்த நம்பரைப் பாத்து மட்டும் காசு குடுக்காதீங்க.

மேல சொன்ன மூணும் இல்ல, சாதாரணமா கேம் விளையாடுறதுதான் வேலைன்னா 9060 எக்ஸ்டி 16 ஜிபி போதும். லினக்ஸ் உபயோகிக்கிறவங்களுக்கும் ஏஎம்டி வசதி. டிரைவர் கெர்னலோடயே வந்துடும். பட்ஜெட் இன்னும் கம்மின்னா ஆர்க் பி580 நல்ல கார்டு. ஆனா பழைய பிராசசரோட அதைச் சேக்காதீங்க. ரீசைஸபிள் பார் வசதி மதர்போர்டுல கண்டிப்பா வேணும். அது இல்லேன்னா வேகம் ரொம்ப விழுந்துடும்.

மாச வாடகைக் கணக்கு

கார்டு விலையை மாச வாடகையா மாத்திப் பாருங்க. வாங்குன விலையில இருந்து பின்னால விக்கிற விலையைக் கழிச்சு, வச்சிருந்த மாசத்தால வகுக்கணும். கீழ இருக்கிற விக்கிற விலையும் வருஷமும் என் அனுமானம்தான். நீங்க உங்களோடதைப் போட்டுக்கோங்க.

- 9060 எக்ஸ்டி 16 ஜிபி: வாங்குறது 38,000. நாலு வருஷம் கழிச்சு விக்கிறது 13,000. செலவு 25,000. மாசம் ஏறத்தாழ 520 ரூபாய்.
- 5060 டிஐ 16 ஜிபி: வாங்குறது 48,000. பழைய கார்டு சந்தையில என்விடியாவுக்குப் பொதுவா கிராக்கி அதிகம், அதனால 18,000னு வைப்போம். செலவு 30,000. மாசம் 625 ரூபாய்.
- 9060 எக்ஸ்டி 8 ஜிபி: வாங்குறது 31,000. புது கேம்களுக்கு மெமரி பத்தாம ரெண்டரை வருஷத்துல மாத்துறீங்க. விக்கிறது 10,000. செலவு 21,000. மாசம் 700 ரூபாய்.

பாத்தீங்களா, விலை கம்மியான கார்டுதான் மாசக் கணக்குல அதிகமா வருது. பச்சைக்கும் சிவப்புக்கும் நடுவுல மாசம் 100 ரூபாய் சொச்சம்தான். குடா மாதிரி ஒரு காரணம் உங்களுக்கு நிஜமா இருந்தா மாசம் 100 ரூபாய் பெருசில்ல. காரணமே இல்லேன்னா அந்த 100 ரூபாயும் வீண்தான். முன்கூட்டியே 10,000 வெளிய போகுதுங்கிறதையும் மறக்காதீங்க.

கரண்ட் பில்லைப் பத்தியும் சொல்லிடறேன், ஏன்னா இதை வச்சும் சண்டை போடுவாங்க. 5060 டிஐக்கு 180 வாட், 9060 எக்ஸ்டி 16 ஜிபிக்கு 160 வாட். வித்தியாசம் 20 வாட். தினமும் மூணு மணி நேரம் விளையாடினா வருஷத்துக்கு 22 யூனிட். யூனிட்டுக்கு 8 ரூபாய்னு வச்சாலும் 175 ரூபாய்தான். இதை வச்சு முடிவெடுக்க வேண்டாம். ஆனா 304 வாட் எடுக்கிற ஆர்எக்ஸ் 9070 எக்ஸ்டிக்குத் தாவினா வருஷத்துக்கு 1,250 ரூபாய் போலக் கூடும். பவர் சப்ளையும் பெருசா வேணும்.

நோ காஸ்ட் ஈஎம்ஐ நிஜமா இலவசமா?

வட்டியே இல்லாத கடன்னு ஒண்ணு கிடையாது, அந்த வட்டி எங்கேயோ ஒளிஞ்சிருக்குன்னு 2013லயே ரிசர்வ் வங்கி சொல்லிடுச்சு. நோ காஸ்ட் ஈஎம்ஐயில நடக்கிறது இதுதான்: பேங்க் வட்டி போடுது, அந்த வட்டி அளவுக்குக் கடைக்காரர் விலையில தள்ளுபடி தர்றார். ஆனா வட்டி மேல வர்ற 18 சதவீத ஜிஎஸ்டி உங்க தலையில.

48,000 ரூபாய் கார்டு, 6 மாசம், மாசம் 8,000. பேங்க் வட்டி வருஷத்துக்கு 15 சதவீதம்னா, உள்ள ஒளிஞ்சிருக்கிற வட்டி ஏறத்தாழ 2,030 ரூபாய். அதுக்கு ஜிஎஸ்டி 366. பிராசசிங் கட்டணம் 199னா அதோட ஜிஎஸ்டியும் சேத்து 235. ஆக, "இலவச" ஈஎம்ஐக்கு 600 ரூபாய் செலவு. இது தாங்கக்கூடியதுதான். நீங்க விடுற தள்ளுபடிதான் பெருசு. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட், பெங்களூரு எஸ்.பி. ரோடு மாதிரி இடங்கள்ல மொத்தமா பணம் குடுத்தா என்ன விலைன்னு கேளுங்க. அந்த விலைக்கும் ஈஎம்ஐ விலைக்கும் இருக்கிற வித்தியாசம்தான் நிஜமான வட்டி.

இதுல ஆபத்து ஒண்ணுதான். ஒரு மாசம் கிரெடிட் கார்டு பில்லை முழுசா கட்டாம குறைஞ்சபட்சத் தொகையை மட்டும் கட்டினா, பல கார்டுகள்ல மாசத்துக்கு 3.5 சதவீதம் போல வட்டி. 48,000 பாக்கி நின்னா ஒரு மாசத்துக்கு 1,680 ரூபாய். நாலு மாசத்துல பிராண்டுக்கு நடுவுல இருந்த வித்தியாசத்துல பாதிக்கு மேல வட்டியாவே போயிடும். அதனால நம்ம விதி எளிமையானது: மூணு மாசச் செலவுக்கு அவசர நிதி இருக்கணும், கிரெடிட் கார்டுல பழைய பாக்கி பூஜ்யமா இருக்கணும். இது ரெண்டும் இல்லாம எந்த கலர் கார்டும் வேண்டாம். மாசம் 6,500 ஒதுக்கினா 38,000 ரூபாய் ஆறே மாசத்துல சேந்துடும்.

காத்திருக்கலாமா? பழசு வாங்கலாமா?

"இன்னும் ஆறு மாசம் போனா விலை இறங்கும்"னு எப்பவும் நம்ப முடியாது. 2021ல கிரிப்டோ மைனிங் காரணமா கார்டு விலை அறிமுக விலையைத் தாண்டி எங்கேயோ போச்சு. 2022 செப்டம்பர்ல எத்தீரியம் மைனிங் முறையையே கைவிட்டதும் பழைய கார்டுகள் சந்தையில குவிஞ்சது. 2025 கடைசியில ஏஐ டேட்டா சென்டர்களோட தேவையால மெமரி சிப் விலை ஏறிச்சு. அது 16 ஜிபி கார்டைத்தான் முதல்ல பாதிக்கும். அதனால விலையை யூகிக்காதீங்க. பணம் கையில சேந்துடுச்சு, சோதனையில கார்டுதான் தடைன்னு தெரிஞ்சுடுச்சுன்னா வாங்குங்க. பணம் சேரலேன்னா, விலை ஏறப்போகுதுங்கிற பயத்துல கடன் வாங்காதீங்க.

பழைய கார்டுன்னா நேர்ல போய் ஓட்டிப் பாத்துதான் வாங்கணும். ஜிபியு-இசட்னு ஒரு இலவச சாஃப்ட்வேர் போலிக் கார்டைக் காட்டிக் குடுத்துடும். ஃபர்மார்க்கை 15 நிமிஷம் ஓட்டி வெப்பம், ஃபேன் சத்தம், திரையில புள்ளி வருதான்னு கவனிங்க. ஒரிஜினல் பில் கண்டிப்பா வேணும். வாரன்ட்டி இல்லாத கார்டுக்குப் பாதி விலைக்கு மேல குடுக்காதீங்க.

வாங்குற அன்னைக்கு

புதுசுன்னா ஜிஎஸ்டி பில்லுல சீரியல் நம்பர் இருக்கான்னு பாருங்க. வாரன்ட்டி எத்தனை வருஷம், சர்வீஸ் சென்டர் உங்க ஊர்ல இருக்கா, வாரன்ட்டிக்கு ஆன்லைன்ல பதிவு பண்ணணுமா, மூணையும் கேளுங்க. ஒரே சிப்பை பல கம்பெனிகள் கார்டாக்கி விக்கிறாங்க. மூணு ஃபேன், கலர் லைட் எல்லாம் சேத்து 4,000, 5,000 கூட வாங்குவாங்க. வேகம் ஒண்ணு, ரெண்டு சதவீதம்தான் ஏறும். சாதா மாடலே போதும், கூடக் குடுக்கணும்னா வாரன்ட்டி அதிகமா இருக்கிற மாடலுக்குக் குடுங்க. கேபினட்ல கார்டோட நீளம் அடங்குமான்னு டேப் வச்சு அளந்துட்டே கடைக்குப் போங்க.

முடிவா, இந்த வரிசையில போங்க: முதல்ல அவசர நிதி. அடுத்து கார்டுதான் தடையான்னு சோதனை. அடுத்து மானிட்டரும் பவர் சப்ளையும் சேத்து மொத்த பட்ஜெட். அப்புறம் 16 ஜிபியா, 8 ஜிபியா. பச்சையா சிவப்பாங்கிறது கடைசிக் கேள்வி. அந்தக் கேள்விக்கு வரும்போது, அந்த 10,000 எதுக்குன்னு ஒரு தாள்ல ஒரே வரியில எழுதிப் பாருங்க. "பிளெண்டர் கத்துக்கிறேன்", "ரே டிரேசிங் போட்டு விளையாடணும்"னு வரி வந்துச்சுன்னா என்விடியா வாங்குங்க. எழுத வரி வரலேன்னா ஏஎம்டி வாங்கிட்டு, அந்த அஞ்சரை நாள் சம்பளத்தை சேமிப்புக் கணக்குலயே விட்டுடுங்க.

உங்க சம்பளம், மானிட்டர், விளையாடுற கேம் மூணையும் கமென்ட்ல போடுங்க. அடுத்த வீடியோவுல சிலதை எடுத்து கணக்குப் போட்டுப் பாக்கலாம்.